ஜேர்மானிய மொழிகளில் எது பெரியது?

வாசகர் ஒருவர், 11 ஜனவரி 2025

ஜேர்மானிய மொழிக் குடும்பத்துக்கு ஜேர்மன்தான் தலை. கதே எழுதியது, கான்ட் எழுதியது, ஐன்ஸ்டைன் எழுதியது. நான்கு வேற்றுமை, மூன்று பால், எவ்வளவு நீளமாகவும் சொல் கட்டலாம். ஆங்கிலம் பாதி பிரெஞ்சு. டச்சு, டேனிஷ், நோர்வேஜியம் எல்லாம் தேய்ந்துபோன ஜேர்மன். யாராவது மறுப்பீர்களா?

11 ஜனவரி 2025, இரவு

மறுக்கிறேன். ஜேர்மன் மொழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் "தேய்ந்துபோன ஜேர்மன்" என்பது நடக்காத கதை. ஆங்கிலம், பிரீசியம், டச்சு, ஜேர்மன் எல்லாம் மேற்குக் கிளை. டேனிஷ், சுவீடிஷ், நோர்வேஜியம், ஐஸ்லாந்தியம், பரோயியம் வடக்குக் கிளை. கிழக்கில் கோதியம் என்று ஒன்று இருந்து அழிந்துவிட்டது. இவற்றில் எதுவும் எதற்கும் தாய் இல்லை, எல்லாம் சகோதரங்கள், பெற்ற மொழியில் ஒரு நூல்கூட நம் கைக்கு வரவில்லை.

தேய்வு என்று பேசினால் ஜேர்மனும் தப்பாது. தண்ணீருக்கு ஆங்கிலத்திலும் டச்சிலும் நடுவில் 'ட்' இருக்கிறது, ஐஸ்லாந்தியத்திலும் சுவீடிஷிலும் அதே 'ட்', ஜேர்மனில் மட்டும் அது 'ஸ்' ஆகிவிட்டது. இப்படி ப், ட், க் மூன்றும் ஜேர்மன் பேசும் தெற்குப் பகுதிகளில் ஒரு வரிசையாக மாறின. அந்த மாற்றம் வடக்கே போகப் போகக் குறைந்து, டூசல்டோர்ப் பக்கத்தில் பென்ராத் என்ற இடத்தில் ரைன் நதியைத் தாண்டும் ஒரு கோட்டோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கு வடக்கே ஊர்ப் பேச்சு பேசும் ஜேர்மன் கிழவர்களின் மெய்யொலி இன்றைக்கும் டச்சுக்காரருடையதைப் போலத்தான்.

12 ஜனவரி 2025

வேற்றுமையும் பாலும்தான் அளவுகோல் என்றால் பரிசை ஐஸ்லாந்துக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். அங்கேயும் நாலு வேற்றுமை, மூன்று பால். ஜேர்மனில் பெரும்பாலும் முன்னால் வரும் சிறுசொல்தான் மாறும், ஐஸ்லாந்தில் பெயர்ச்சொல்லே உருமாறும், சில சொற்களில் நடு உயிரெழுத்தும் சேர்ந்து மாறும். பேசுகிறவர் தொகை என்றால் ஆங்கிலம். இரண்டுக்கும் விவாதமே தேவையில்லை, அதனாலேயே இரண்டும் நல்ல அளவுகோல் இல்லை என்று நினைக்கிறேன்.

18 ஜனவரி 2025

ஒரு கிழமையாக இதுதான் மண்டையில் ஓடுகிறது. என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு மொழி தன் ஊர்ப் பேச்சுகளையும் பக்கத்துச் சின்ன மொழிகளையும் எப்படி நடத்துகிறது என்பதுதான். இலக்கணம் எந்த மொழியிலும் தானாக வளரும், இது மனிதர்கள் முடிவெடுத்துச் செய்கிற காரியம். அந்தக் கணக்கில் என் வாக்கு நோர்வேஜியத்துக்கு.

சித்தப்பா 80களின் பிற்பகுதியில் வந்து இறங்கியது நோர்வேயின் வடகிழக்கு மூலை, வார்டோ. மீன் தொழிற்சாலை வேலை. அந்தக் காலத்தில் பின்மார்க் கரையோர ஊர்களில் நிறையத் தமிழ்ப் பெடியங்கள் அப்படித்தான் தொடங்கினார்கள். அவர் மொழி படித்தது வகுப்பில் கொஞ்சம், மீன் வெட்டும் மேசையில் மிச்சம். பிறகு குடும்பத்தோடு பெர்கனுக்கு வந்துவிட்டார், ஆனால் இன்றும் வாயைத் திறந்தால் பின்மார்க் பேச்சுத்தான். வங்கியிலும் சரி, வரிக் கந்தோரிலும் சரி, பிள்ளைகளின் பள்ளிக் கூட்டத்திலும் சரி, அதை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. "எந்த ஊர், வடக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

'நான்' என்பதற்கே இங்கே நோர்வேயில் ஊருக்கு ஒரு சொல். ஒஸ்லோவில் 'யாய்', பெர்கனில் 'ஏக்', ரொம்ஸ்டால் பக்கம் வெறும் 'ஈ', வடக்கில் வாயை அகலத் திறந்து ஒரு 'ஏ'. நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுகிறவரும் தன் ஊர்ச் சொல்லைத்தான் சொல்கிறார், வானொலியில் நேர்காணல் கொடுக்கிற பேராசிரியரும் அப்படியே. பேசுவதற்கென்று சட்டம் போட்ட பொதுமொழி கிடையாது. எழுதத்தான் இரண்டு வடிவம், பூக்மோல், நீநோர்ஸ்க்.

இது தானாக வந்ததும் இல்லை. ஈவர் ஆசன் என்ற விவசாயி மகன் 1842 முதல் சில வருடம் நோர்வே கிராமங்களில் நடந்து நடந்து பேச்சைக் குறித்துக்கொண்டு வந்து, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் போட்டார். 400 வருடம் டேனிஷில் எழுதிய நாட்டில், படிக்காதவன் பேச்சு என்று தள்ளப்பட்டதிலிருந்து ஒரு எழுத்துமொழி எழுந்தது. 1878இல் நாடாளுமன்றம், பள்ளியில் கற்பிக்கும்போது முடிந்தவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 1885இல் ஆசனின் மொழிக்கு, அதாவது இன்றைய நீநோர்ஸ்க்குக்கு, சம அந்தஸ்து. வீட்டில் ஒரு தமிழும் புத்தகத்தில் ஒரு தமிழுமாக வளர்ந்த எனக்கு 1878ஐ முதலில் வாசித்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை.

19 ஜனவரி 2025

கேட்டிருந்தீர்கள், ஜேர்மனிடமிருந்து நோர்வே ஒன்றும் எடுக்கவில்லையா என்று. ஏராளமாக எடுத்திருக்கிறது, ஆனால் எந்த ஜேர்மனிடமிருந்து என்று பாருங்கள். பெர்கன் துறைமுகத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஹன்சா என்ற ஜேர்மன் நகரக் கூட்டணியின் வணிகர்கள் கிடங்கு வைத்து உட்கார்ந்திருந்தார்கள், 1754 வரைக்கும். உலர்த்திய கொட் மீன் வாங்குவார்கள், தானியம் விற்பார்கள். அவர்கள் பேசியது கீழ் ஜேர்மன், லூபெக் பக்கத்து மொழி. வணிகம், கைத்தொழில், நகர வாழ்க்கை என்று எதைத் தொட்டாலும் வடக்கு மொழிகளில் அந்தச் சொற்கள் கிடக்கின்றன. பெர்கன்காரர் பேச்சில் பெண்பால் விழுந்து இரண்டு பாலாகிப் போனதற்கும் அந்தக் கலப்பைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

நீங்கள் தலை என்று சொல்லும் மேல் ஜேர்மன், பிற்காலத்தில் இந்தக் கீழ் ஜேர்மனைப் பள்ளியிலிருந்தும் கோவிலிலிருந்தும் தள்ளிவிட்டது. ஒரு காலத்தில் பால்டிக் கடல் முழுக்க வணிகம் நடத்திய மொழி இன்றைக்குப் பாட்டன் பாட்டி மொழியாகிவிட்டது.

26 ஜனவரி 2025

எண்கள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை. இங்கே வயதானவர்கள் ஐம்பத்தொன்றை "ஒன்றும் ஐம்பதும்" என்று ஜேர்மன்காரர் மாதிரிச் சொல்வார்கள், இளையவர்கள் நம்மைப் போல ஐம்பது முன்னால், ஒன்று பின்னால். இதை மாற்றியதும் ஒரு அரசாங்க முடிவுதான். தொலைபேசி எண்கள் நீளமாகிக்கொண்டு போக, இணைப்புக் கொடுப்பவர்கள் எண்ணைத் திருப்பிக் கேட்டு அல்லாட, தொலைபேசித் துறை மனுக் கொடுத்தது. நாடாளுமன்றம் ஒத்துக்கொண்டு 1951 ஜூலையிலிருந்து புது முறை. எழுபது வருடம் தாண்டியும் பழைய முறை சாகவில்லை. மகளின் தொலைபேசி இலக்கத்தை ஒரு அம்மா எனக்குச் சொல்லும்போது நான் முன்னால் பத்தின் இலக்கத்துக்கு இடம் விட்டு, முதலில் கேட்கும் ஒன்றின் இலக்கத்தைக் குறித்துவிட்டு, பிறகு திரும்பி வந்து நிரப்புவேன். இப்போது கை தானாகச் செய்கிறது.

டேனிஷ் இதற்கும் மேலே. ஐம்பது அங்கே இருபதின் இரண்டரை மடங்கு, எழுபது மூன்றரை மடங்கு, தொண்ணூறு நாலரை மடங்கு. எங்களிடம் கொஞ்சக் காலம் வேலை செய்த டேனிஷ் மருத்துவர் மருந்தளவு சொல்லும்போது மட்டும் நோர்வேஜிய எண்ணுக்கு மாறிவிடுவார், மற்றதெல்லாம் அவருடைய டேனிஷ். அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன்.

டேனிஷ், சுவீடிஷ், நோர்வேஜியம் பேசுகிறவர்களுக்குள் யார் யாரைப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தபோதும் நோர்வேக்காரர்தான் முன்னால் வந்தார்கள். அவர்களின் பூக்மோல் எழுத்தில் டேனிஷுக்குப் பக்கம், ஒலியில் சுவீடிஷுக்குப் பக்கம், அதுவும் ஒரு காரணம். நாள் முழுக்க வேறு வேறு ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பழகிய காது இன்னொரு காரணம். நான் இரண்டாவதைத்தான் பெரிதாக எடுப்பேன்.

2 பெப்ரவரி 2025

"ஆனால் மொழி ஆராய்ச்சியே ஜேர்மன்காரர் தொடங்கியதுதானே, கிரிம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாக்கோபு கிரிம் மெய்யொலி மாற்ற விதியை எழுதியது 1822. அந்த ஒப்புமைகளை டேனிஷ்காரர் ராஸ்மஸ் ராஸ்க் 1818இலேயே அச்சில் போட்டுவிட்டார். கிரிம் விதிக்குள் அடங்காமல் நின்ற சொற்களுக்குக் காரணம் கண்டுபிடித்த கார்ல் வெர்னரும் டேனிஷ்காரர். கிரிம்மின் உழைப்பைக் குறைக்கவில்லை. தம்பியோடு சேர்ந்து தொடங்கிய ஜேர்மன் அகராதியின் முதல் தொகுதி 1854இல் வந்தது, முழுசாக முடிந்தது 1961இல். அந்த மாதிரிப் பொறுமைக்குத் தலை வணங்கலாம்.

ராஸ்க்கைப் பற்றி நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று: மனிதர் ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வந்து, அங்கிருந்து இலங்கைக்கும் போனார். சிங்கள எழுத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1821இல் கொழும்பில் அச்சானது. திரும்பும்போது பாளி ஓலைச்சுவடிகளைக் கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுபோனார், இன்றும் அரச நூலகத்தில் இருக்கின்றன.

8 பெப்ரவரி 2025

சுவடி என்றதும் ஐஸ்லாந்து. 13ஆம் நூற்றாண்டுக் கதைகளை அங்கே பள்ளிப் பிள்ளை வாசிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எழுத்துக்கூட்டலை இன்றைய முறைக்கு மாற்றிய பதிப்பில். உச்சரிப்பு நிறைய மாறிவிட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆர்னி மக்னூசன் என்ற ஐஸ்லாந்து அறிஞர் வீடு வீடாகச் சேர்த்த தோல் சுவடிகள் கொப்பன்ஹேகனில் இருந்தன, 1728 தீயில் அவருடைய நூலகத்தில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சத்தையும் அங்கேயிருந்த மற்ற ஐஸ்லாந்துச் சுவடிகளையும், நாடு விடுதலை பெற்ற பிறகு, ஐஸ்லாந்து கேட்டது. டென்மார்க்கில் அறிஞர்கள் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது, கடைசியில் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் கொடுக்கலாம் என்றன. 1971 ஏப்ரல் 21, ஒரு டேனிஷ் கடற்படைக் கப்பல் முதல் இரண்டு சுவடிகளோடு ரெய்க்யாவிக் வந்தபோது துறைமுகத்தில் மக்கள் குவிந்து நின்றார்கள். ஆண்ட நாடு கையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான், அந்தப் படத்தைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். டேனிஷ் மொழி காதுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் இந்த ஒரு காரியத்துக்காக அதற்கு இரண்டாவது இடம் கொடுப்பேன்.

9 பெப்ரவரி 2025

ஆங்கிலம் பாதி பிரெஞ்சு என்பதை விட்டுவிட்டேன். அகராதியை எண்ணினால் பிரெஞ்சும் இலத்தீனும் பாதிக்கு மேலேயே வரும், வாயில் புழங்குவதை எண்ணினால் கதை மாறும். அடிக்கடி வருகிற சின்னச் சொற்கள் அநேகமாக எல்லாம் ஜேர்மானியச் சொற்கள். 'அவர்கள்' என்ற சொல்லையே வைக்கிங்குகளிடமிருந்து எடுத்துக்கொண்ட மொழி அது. ஒரு மொழி தன் சுட்டுப்பெயரையே இரவல் வாங்குவது எளிதில் நடக்காது, அந்த அளவுக்கு இரண்டு சனமும் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு ஆங்கிலத்தில் பிடித்ததே அந்தக் கலப்புத்தான்.

16 பெப்ரவரி 2025

பிரீசியத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு, நெதர்லாந்தின் வடக்கில் பேசுகிறார்கள். 1951இல் அந்த மொழியில் பேசியவரை மதிக்காத ஒரு நீதிபதியைக் கண்டித்து பேடே சூரர் என்ற கவிஞர் தன் பத்திரிகையில் எழுத, அவர் மேலேயே வழக்கு. நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, லேவார்டன் நீதிமன்றத்துக்கு வெளியே கூடிய சனத்தைப் பொலிஸ் தடியால் அடித்தது. அந்த நாளுக்கே 'தடி வெள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஐந்து வருடத்துக்குள் நீதிமன்றத்தில் பிரீசியம் பேசச் சட்டம் வந்தது. அமைதியான நாடு என்று நாம் நினைக்கிற நெதர்லாந்தில்!

லக்சம்பர்க் இன்னும் பெரிய துணிச்சல். 1941 ஒக்டோபரில் நாஜி நிர்வாகம் குடிசனக் கணக்கெடுப்புப் படிவம் அனுப்பியது. தேசியம் என்ன, தாய்மொழி என்ன, இனம் என்ன. லக்சம்பர்க்கியம் வட்டாரப் பேச்சு, தாய்மொழி என்று எழுதக்கூடாது என்று குறிப்பும் போட்டிருந்தார்கள். சனங்கள் மூன்று கேள்விக்கும் லக்சம்பர்க் என்றே எழுதப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்ததும் கணக்கெடுப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. 1984இல் அது சட்டப்படி தேசிய மொழி.

17 பெப்ரவரி 2025

நேற்று எழுதியதோடு இதையும் வைத்து வாசியுங்கள். இத்திஷ். ஜேர்மானிய மொழி, எபிரேய எழுத்து. போருக்கு முன் சுமார் 1 கோடியே 10 இலட்சம் பேர் பேசினார்கள். அதையும் "உடைந்த ஜேர்மன்" என்றுதான் படித்தவர்கள் நூறு வருடத்துக்கு மேல் இகழ்ந்தார்கள். பிறகு நடந்த படுகொலையில் மாண்ட 60 இலட்சம் யூதர்களில் பெரும்பாலோர் இத்திஷ் பேசியவர்கள். மொழியை இகழ்ந்ததுதான் கொலைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜேர்மானிய மொழிகளுக்கு உயர்வு தாழ்வு வரிசை போடும் பழக்கம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்த பிறகு "தேய்ந்துபோன", "உடைந்த" என்ற சொற்களை என்னால் இலேசாகக் கடந்துபோக முடியாது. அதனால்தான் முதல் நாளே அவ்வளவு கடுமையாக மறுத்தேன்.

1 மார்ச் 2025

ஆபிரிகான்ஸ் கேட்டிருந்தீர்கள், டச்சிலிருந்து வந்த தென்னாபிரிக்க மொழி. வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது, பால் கிடையாது, படிக்கச் சுகம். வெள்ளைக்காரர் மொழி என்ற நினைப்பை முதலில் விடுங்கள், பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் இல்லை. ஒல்லாந்தக் கம்பனி கேப் நகருக்கு அடிமைகளாகக் கொண்டுபோனவர்கள் இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை என்று பல இடத்தவர். பழைய ஆவணங்களில் பெயரோடு ஊர்ப்பெயராகச் 'சோழமண்டலம்' என்று ஒட்டிக்கொண்டு வரும் ஆட்கள் இருக்கிறார்கள், அதில் தமிழ் பேசியவர்களும் இருந்திருக்க வேண்டும். டச்சைத் தங்களுக்குள் பேசிப் பேசி வேறு மொழியாக்கியதில் அந்தச் சனங்களுக்கும் பங்கு உண்டு. கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள், அபூபக்கர் எபெண்டியின் மார்க்க நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது.

அப்புறம் அதே மொழியை அரசு பள்ளிகளில் திணித்தது. 1976 ஜூன் 16, ஜொஹான்னஸ்பேர்க் பக்கத்துக் கறுப்பின மக்களின் குடியிருப்பு சொவேட்டோ. பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள், சுட்டுக் கொன்றார்கள். அடிமைகளின் வாயில் உருவானதை ஆளுகிறவர்கள் கையில் எடுத்துத் தடியாக்கியதற்கு ஆபிரிகான்ஸ் என்ன செய்யும்? ஆனாலும் என் அளவுகோலில் அதற்கு இடம் போட மனம் வரவில்லை, தள்ளவும் மனம் வரவில்லை. அப்படியே விடுகிறேன்.

8 மார்ச் 2025

ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கோடையில் ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் தனிக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெர்கனிலிருந்து என் பெறாமகள், டென்மார்க்கின் ஹெர்னிங்கிலிருந்து அண்ணாவின் மகன், சூரிச் மச்சாளின் இரண்டு பெட்டைகள், நெதர்லாந்திலிருந்து ஒரு தூரத்து உறவுப் பெடியன். நெதர்லாந்துக்காரனும் சூரிச்காரிகளும் ஆளுக்கு ஆள் சொல்லைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், 'க்' என்று தொண்டையில் உரசும் ஒலியில் யார் பெரிய ஆள் என்று போட்டி. பெறாமகளும் ஹெர்னிங் பெடியனும் முதலில் தங்கள் மொழியில் தொடங்கினார்கள். அவன் வேகமாகச் சொன்னது இவளுக்குப் பிடிபடவில்லை. உடனே இரண்டும் ஆங்கிலத்துக்குத் தாவின. அம்மம்மா பின்னாலிருந்து "ஏன் பிள்ளையள், தமிழிலை கதையுங்கோவன்" என்றதும் கொஞ்ச நேரம் தமிழ். கடைசியில் சீட்டு விளையாடும்போது பார்த்தால் அவன் மெதுவாக டேனிஷ், இவள் நோர்வேஜியம், இருவரும் விட்டுக்கொடுக்காமல்.

வடக்கு நாடுகளில் பெற்றோர் அளவுக்குப் பிள்ளைகள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆங்கிலம் எளிதாகக் கிடைப்பதால் மெதுவாகப் பேசிக் காது கொடுக்கும் பொறுமை போகிறது. இது எனக்குக் கவலை.

15 மார்ச் 2025

நோர்வேயை உச்சியில் வைத்துவிட்டு அங்கே வடக்கில் வாழும் சாமி என்ற பழங்குடி மக்களைச் சொல்லாமல் போக முடியாது. சாமி ஜேர்மானிய மொழி இல்லை, பின்லாந்து நாட்டு மொழிக்கு உறவு. ஆனால் என் அளவுகோல் பக்கத்து மொழியையும் சேர்த்துத்தானே. 1878இல் பிள்ளையின் பேச்சில் படிப்பி என்று முடிவெடுத்த அதே நாடு, 1898 சுற்றறிக்கையில் வடக்குப் பள்ளிகளில் சாமி மொழியைக் கிட்டத்தட்ட வாய் பொத்தவைத்தது. பல தலைமுறை விடுதிப் பள்ளிகளில் தங்கள் மொழியை இழந்தார்கள். உண்மை அறியும் ஆணைக்குழு 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தது, 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. எங்கள் இல்லத்தில் வடக்கிலிருந்து வந்த ஒரு ஐயா இருக்கிறார். பேச்சில் சுத்தமான நோர்வேஜியம், மறதி நோய் முற்ற முற்ற இப்போது இரவில் சாமியில் யாரையோ கூப்பிடுகிறார். பக்கத்தில் இருந்து பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. மகனுக்கும் தெரியாது, அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

என் வாக்கை மாற்றவில்லை. ஆனால் அந்த வாக்கு இந்த ஐயாவையும் சேர்த்துத்தான்.

16 மார்ச் 2025

சுவிட்சர்லாந்தின் பேர்னில் வேலை கிடைத்திருக்கிறது, இங்கே வகுப்பில் படிக்கும் ஜேர்மன் போதுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள், வாழ்த்துகள். எழுத, வாசிக்க, நேர்முகத் தேர்வுக்குப் போதும். தெருவில் கேட்கப்போவது பேர்ன் பேச்சு, முதல் கிழமை ஒன்றும் விளங்காது, அது உங்கள் குறையும் இல்லை அந்தப் பேச்சின் குறையும் இல்லை. செய்தி, வகுப்பு, கடிதம் இவற்றுக்கு ஒரு ஜேர்மன், மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று, மருத்துவரும் குப்பை அள்ளுகிறவரும் அதைத்தான் பேசுவார்கள். தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் உங்களுக்காக எழுத்து ஜேர்மனுக்கு மாறினால், மாற வேண்டாம், மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். மச்சாள் அப்படித்தான் பழகினாள். சூரிச் பேச்சும் பேர்ன் பேச்சும் வேறு வேறு, அவளிடம் கேட்டுத் தொடக்கத்துக்குச் சில வானொலி நிகழ்ச்சிகளின் பெயர் அனுப்புகிறேன்.